இளம் டெனருக்கு (உச்சக்குரல் ஆண் பாடகருக்கு) எது நல்லது: ஜெர்மன் அரங்கில் மாதச் சம்பளமா, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தனி ஒப்பந்தமா?

ஜெர்மன் ஓபரா (இசைநாடக) அரங்கின் குழுவில் 'ஃபெஸ்ட்' எனும் நிலையான ஒப்பந்தம் கிடைத்தால் மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு. ஒத்திகையும் அதிலேயே அடக்கம். காய்ச்சலில் படுத்தாலும் வருமானம் நிற்காது. ஆபத்து குரலுக்குத்தான். இன்று மொசார்ட், நாளை ஓபரெட்டா எனும் இலகு இசைநாடகம், வாரக் கடைசியில் கனமான வெர்டி என்று அரங்கு கேட்பதையெல்லாம் பாட வேண்டும். இளங்குரலை வலிந்து கனமாக்கினால் மேல்ஸ்தாயிதான் முதலில் தடுமாறும். ஜெர்மன் டெனர் யோனாஸ் கௌஃப்மன் 1994இல் சார்ப்ருக்கன் நகர அரங்கில் சேர்ந்தபின் குரல் சிக்கலாகி, பாடும் முறையையே மாற்றிக் கற்றார்.

எந்த அரங்கிலும் சேராமல் தனியாகப் பாடினால் பாத்திரத் தேர்வு உங்கள் கையில். பணமோ பெரும்பாலும் மேடையேறிய இரவுக்கு மட்டும். ஒத்திகை வாரங்களின் வாடகை கைக்காசு. அன்று தொண்டை கட்டினால் ஊதியம் போச்சு. முகவர் தரகு வேறு.

முப்பதைத் தாண்டாத மென்குரலுக்கு இரண்டு அரங்கப் பருவம் (சீசன்) ஃபெஸ்ட்டே மேல். எந்தக் குரல்வகைப் பாத்திரங்களைப் பாடுவீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.