குளம்பழுகல்: மயில்துத்தமா, ஊசியா?

ஐப்பசி மழை விட்டதும் திருவல்லிக்கேணிச் சந்துகளில் ஒரு காலை ஊன்றாமல் நிற்கும் மாடு கண்ணில் படும். குளம்புப் பிளவை விரித்தால் வீக்கம், வெடிப்பு, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். (வாயில் கொப்புளமும் ஒழுகும் எச்சிலும் இருந்தால் கோமாரியாக இருக்கலாம், அது வேறு கதை.)

குளம்பை நனைக்கும் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் மலிவு. 10 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம், அதாவது 5 சதவீதம். ஆனால் சாணி கலந்ததும் வீரியம் போய்விடும். மாடு குடித்தால் விஷம். தோலுக்கடியில் இறங்கிவிட்ட கிருமியை அது எட்டாது. என்னைக் கேட்டால், இது மற்ற மாடுகளுக்கு வராமல் தடுக்கத்தான்.

வீங்கி நொண்டுகிற மாட்டுக்கு ஊசிதான். ஆக்சிடெட்ராசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லி மருந்தை மருத்துவர் சீக்கிரமே போட்டால், பெரும்பாலும் 3, 4 நாளில் கால் ஊன்றும். பிளவைக் கழுவி, காய்ந்த தரையில் கட்டுங்கள். இதில் கையைக் கடிப்பது ஊசியின் விலையல்ல, பால்: மருந்து பாலில் இறங்குவதால், மருத்துவர் சொல்லும் நாள்வரை விற்கக்கூடாது. வாடிக்கை வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது என்று மாட்டுக்காரர்கள் கையைப் பிசைவார்கள். அப்புறம், வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போவதானால் நடத்திக் கூட்டிப் போகாமல் வண்டியில் ஏற்றுங்கள்.