வீட்டைச் சுருக்கச் சொன்ன இன்ஜினியர்

கோத்தகிரி பக்கம் நாலரை சென்ட் மனையில் வீடு கட்ட எனக்கு அனுமதி வாங்கிக் கொடுத்த ஒரு சின்ன அலுவலகத்தைப் பற்றி எழுதுகிறேன். அலுவலகம் என்றால் ஒரே ஓர் அறைதான். ஒரு கம்ப்யூட்டர், சுவர் ஓரமாகச் சுருட்டி வைத்த பிளான்கள், ஓர் இன்ஜினியர், அவரிடம் வேலை பழகும் ஒரு பையன். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. ஆனால் மலையில் வீடு கட்ட நினைக்கிறவர்கள் இப்படிப்பட்ட ஆள் என்ன செய்து தருவார், எதைச் செய்ய மாட்டார், எவ்வளவு செலவாகும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. எனக்குத் தெரியாமல் போனதில் ஒன்றரை வருஷமும் முப்பத்தைந்தாயிரம் ரூபாயும் வீணாகின.

எங்கள் அப்பா 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தார், இங்கே வந்தும் லயத்தில்தான் குடும்பம் நடத்தினார், ரிட்டயர் ஆன பிறகு வாடகை வீடு. நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். பச்சை இலை விலை ஏறினாலும் இறங்கினாலும் மாதம் கொஞ்சம் எடுத்துவைத்து, பதினோரு வருஷத்தில் அந்த நாலரை சென்ட்டை வாங்கினேன். பத்திரம் பதிந்த அன்றைக்கு அப்பா மனையில் போய் நின்று, "புள்ள, இது நம்ம பேர்லதானே இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார். அவருக்காகவே கட்டுகிற வீடு. அனுமதி இல்லாமல் கட்டி, என்றைக்காவது ஒரு நோட்டீஸ் வந்து கதவில் ஒட்டப்படுவதை அவர் பார்க்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

முதலில் போனது ஒரு புரோக்கரிடம். அவர் மனையைப் பார்க்கக்கூட வரவில்லை. எஃப்.எம்.பி., அதாவது மனையின் நில அளவை வரைபடம், அதன் நகலை வைத்துக்கொண்டு சமவெளியில் போடுவது போல ஒரு பிளான் போட்டார். மனை ரோட்டிலிருந்து கீழ்நோக்கிச் சரிகிறது, அடியில் ஓர் ஓடை போகிறது. இரண்டுமே வரைபடத்தில் இல்லை. கோப்பு திரும்பி வந்தது. எதையோ திருத்தி மறுபடி கொடுத்தார், மறுபடியும் திரும்பி வந்தது. அப்புறம் அவர் சொன்னார்: "நீங்க கட்ட ஆரம்பிச்சிடுங்க மேடம், அனுமதி இல்லாம கட்டினதை சரி பண்ற வரன்முறைத் திட்டம் ஏதாவது வரும், அப்ப பார்த்துக்கலாம்." அன்றோடு அவரிடம் போவதை நிறுத்திவிட்டேன். கொடுத்த பணத்தைக் கேட்டுப் பார்த்தேன், வரவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன் ஒருவர்தான் இந்த இன்ஜினியரைச் சொன்னார். நான் போன அன்று அவர் பிளான் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டா, எஃப்.எம்.பி., மூலப்பத்திரம், முப்பது வருஷத்து ஈ.சி. (வில்லங்கச் சான்று) எல்லாவற்றையும் வரிசையாக மேசையில் பரப்பிப் படித்தார். பத்திரத்தில் இருக்கும் கிழக்குப் பக்கத்து அளவும் எஃப்.எம்.பி.யில் இருக்கும் அளவும் கிட்டத்தட்ட முக்கால் மீட்டர் வித்தியாசப்படுவதை அங்கேயே காட்டினார். ஒன்றரை வருஷம் அந்தக் காகிதங்களைக் கையில் வைத்திருந்த புரோக்கர் கண்ணில் அது படவே இல்லை. "முதல்ல சர்வேயரை வெச்சு கல்லு நட்டுட்டு வாங்கம்மா, அப்புறம் மனைக்கு வர்றேன்" என்று அனுப்பிவிட்டார். முன்பணமும் வாங்கவில்லை.

மனைக்கு அவர் வந்த நாளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். ஐப்பசி மாதம். இரண்டு நாள் விடாமல் பெய்து அன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாராம். டேப்பை எடுப்பதற்கு முன்னால் மனையைச் சுற்றி மூன்று முறை நடந்தார். கீழ்மூலையில் நாலு சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் அடிமரத்தில் கை வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வேரிலிருந்து முழங்கால் உயரம் வரை மரம் பள்ளத்தைப் பார்த்து வளைந்து, அதற்கு மேல் நிமிர்ந்து நேராகப் போகிறது. பக்கத்து மரமும் அப்படியே. நாலாவது மரம், மேட்டில் இருப்பது, அடியிலிருந்தே நேராக இருந்தது. நான் எத்தனையோ தடவை அந்த மரங்களில் சாய்ந்து நின்றிருக்கிறேன், கவனித்ததே இல்லை. "இந்த மண்ணு நகருதும்மா. ஒரு வருஷத்துக்கு நூல் அளவு நகர்ந்தா நம்ம கண்ணுக்குத் தெரியாது. மரம் சாய்ஞ்சு சாய்ஞ்சு நிமிர்ந்திருக்கு பாருங்க" என்றார். பிறகு ஒரு குச்சியால் மண்ணைக் கிளறி, ஒரு சாண் ஆழத்தில் நீர் ஊறி நிற்பதைக் காட்டினார்.

நான் வீட்டை வைக்க நினைத்திருந்த இடம் சரியாக அந்த மூலை. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அப்பாவின் அறை ஜன்னல் அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வரைந்தே வைத்திருந்தேன்.

குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தில் 1993 நவம்பரில் மண் சரிந்ததை அப்பா இன்னும் சொல்லுவார். 2009 நவம்பரில் நீலகிரி முழுக்கச் சரிவுகள் வந்து நாற்பது பேருக்கு மேல் செத்துப் போனபோது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, ரோடு துண்டாகி வீடு போய்ச் சேர முடியாமல் தொழிற்சாலையிலேயே இரண்டு ராத்திரி படுத்திருந்தோம். இவ்வளவும் தெரிந்த நான் என் சொந்த மனையில் அந்த மரங்களைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

வீட்டை இரண்டரை மீட்டர் மேலே, ரோட்டுப் பக்கம் தள்ள வேண்டும் என்றார். தள்ளினால் இன்னொரு சிக்கல். முன்பக்கம் காலியாக விட வேண்டிய இடத்தில், செட்பேக் என்பார்கள், ஒன்றேகால் மீட்டர் குறைகிறது. என் தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான். அவனுக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், அதுதான் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்களுக்கு ஆன்லைனில் உடனே அனுமதி தருகிற திட்டம், சீக்கிரமே வேலை முடிந்துவிட்டது. அவன் போனில், "அக்கா, ஒன்றேகால் மீட்டருக்கு என்ன யோசனை? ஆளைப் பிடிச்சு விலக்கு வாங்கிடலாம்" என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இன்ஜினியரிடம் கேட்டேன்.

அவர் முடியாது என்றார். விலக்கு என்பது சட்டத்தில் இல்லாத ஒன்று அல்ல. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-வது பிரிவே அரசுக்கு விலக்களிக்கும் அதிகாரம் தருகிறது என்று அவரே சொன்னார். வேறு வழியே இல்லாத மனைக்கு அதைக் கேட்கலாம், வீட்டைச் சின்னதாக்கினால் தீர்ந்துவிடுகிற விஷயத்துக்குக் கேட்டு நிற்கக்கூடாது என்பது அவர் கட்சி. அப்போதுதான் கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் கதையைச் சொன்னார். அந்த ஓட்டலுக்கு மலைப்பகுதிக் கட்டட விதிகளிலிருந்து விலக்கு கொடுத்து அரசாணையே வந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினர் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது, 1995-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே விவகாரத்தில் 2000-ல் ஜெயலலிதாவுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, 2001-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை ஆனதெல்லாம் ஊரறிந்த சேதி. "அரசாணையோட கட்டினதே கோர்ட்டுல நிக்கல. நீங்க அப்பாவை வெச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கணும். நான் இதுக்குள்ளேயே உங்களுக்கு வீடு போட்டுத் தர்றேன்" என்றார்.

போட்டும் தந்தார். 910 சதுர அடி 690 ஆனது. போர்ட்டிகோ போய்விட்டது, ஹாலும் சமையலறையும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பிளானை முதலில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அப்பாவின் அறையில் அவர் கை வைக்கவில்லை. ஜன்னலைப் பள்ளத்தாக்குப் பக்கமே வைத்திருந்தார், முன்னைவிட அகலமாக. கீழ்மூலையைக் காலியாக விட்டு, மரங்களை வெட்டாமல், அவற்றுக்கு மேலே கருங்கல் தடுப்புச்சுவரும், சுவரில் ஊறல் நீர் வெளியேறத் துளைகளும், கூரைத் தண்ணீர் சரிவில் கொட்டாமல் குழாய் வழியாக ஓடைக்குப் போக வழியும் காட்டியிருந்தார். உயரம் ஏழு மீட்டருக்குள். எங்கள் பக்கம் வீடு கட்டுகிற எல்லோர் வாயிலும் வருகிற எண் அது.

மலைக்காரர்கள் அல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். இங்கே 1990-ல் அரசு அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது, ஹாக்கா என்போம். கட்டடக்கலை, அழகியல் அம்சங்களைப் பார்க்கும் குழு ஒன்று கலெக்டர் தலைமையில் இருக்கிறது, அதற்கு ட்ரிப்பிள் ஏ கமிட்டி என்று பேர். இவை போக வேளாண் பொறியியல் துறை மண் சரிவைப் பார்க்கும், புவியியல் சுரங்கத் துறை நிலத்தைப் பார்க்கும், காட்டு எல்லை பக்கத்தில் இருந்தால் வனத்துறை. ஜேசிபி இறக்கவும் தனி அனுமதி. என் கோப்புக்கு எது எது வேண்டும் என்று ஒரு முழுத்தாளில் தமிழில் எழுதி, எதிரே தேதி போட ஒரு கட்டமும் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தத் தாளை மடித்து மடித்து ஓரம் கிழிந்து, செலோ டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் நானே போனேன். எதற்குப் போகிறேன், யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்பார்கள் என்று தெரிந்து போனதால் ஒரு இடத்திலும் நான் முழித்துக்கொண்டு நிற்கவில்லை. மண்ணைப் பார்க்க வந்த அதிகாரி தடுப்புச்சுவர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்மூலை வரை இறங்கிப் போய், அந்த மரங்களையேதான் முதலில் பார்த்தார். கோப்பு ஒரே ஒரு கேள்வியோடு ஒரு முறை வந்தது, செப்டிக் டேங்க் ஓடையிலிருந்து எவ்வளவு தள்ளி என்று. அது இன்ஜினியர் பக்கத்துக் குறை. வரைபடத்தில் டேங்க் இருந்தது, அளவு எழுதாமல் விட்டிருந்தார். நாலு வாரம் போனது. அதற்குக் காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தார், தப்பு தன்னுடையது என்றும் ஒத்துக்கொண்டார்.

வேறு குறைகளும் உண்டு. மண் பரிசோதனைக் கட்டணம் தனி என்பதை முதலிலேயே சொல்லவில்லை. எனக்கு அந்த மாதம் ஒன்பதாயிரம் புரட்டுவது பெரிய பாடாகிவிட்டது. மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை போனை எடுக்க மாட்டார், சைட்டில் இருப்பார். பிளானில் எல்லாமே இங்கிலீஷ். அப்பாவுக்குக் காட்ட நான் பென்சிலால் ஒவ்வொரு அறையிலும் தமிழில் எழுத வேண்டியிருந்தது. இத்தனை வருஷ அனுபவம் உள்ளவர் வீட்டுக்காரருக்கென்று ஒரு தமிழ்ப் பிரதி கொடுக்கலாம், அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய கூலி மொத்தம் 28,000 ரூபாய். மனை பார்த்தபோது எட்டு, பிளான் கையில் கொடுத்தபோது பத்து, அனுமதி வந்த பிறகு பத்து. மூன்றுக்கும் ரசீது உண்டு. அரசாங்கக் கட்டணங்களை நானே நேரடியாகக் கட்டினேன், அவர் கை வழியாக ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. "அங்கே குடுக்கணும், இங்கே குடுக்கணும்" என்று என்னிடம் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. முதல் நாளிலிருந்து அனுமதி கைக்கு வந்தது வரை பதினோரு மாதம். அவசரமாக வேண்டும் என்பவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். மூன்று மாடி லாட்ஜ் போடுகிறவர்களுக்கும் சரிப்பட மாட்டார், நான் உட்கார்ந்திருந்தபோதே ஒருவரைத் திருப்பி அனுப்பினார். என்னைப் போல ஒரே ஒரு மனை, ஒரே ஒரு வீடு, தப்பினால் இன்னொரு தடவை கட்ட வழியில்லை என்று இருக்கிறவர்கள் தைரியமாகப் போகலாம்.

தை பிறந்ததும் கடைக்கால் தோண்டுகிறோம், கையாலேயே. போன ஞாயிறு அப்பாவை மனைக்குக் கூட்டிப்போய், சுண்ணாம்பால் கோடு போட்டிருந்த அவர் அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார், டீ ஆறிப் போகிற வரைக்கும்.

இந்த மாதிரி ஆளைத் தேடிப் போகிறவர்கள் சர்வே கல் நட்ட பிறகு போங்கள். எஃப்.எம்.பி. நகலும் மூலப்பத்திரமும் கையில் இருக்கட்டும். மனை பார்க்க வெயில் நாளில் கூப்பிடாதீர்கள், மழை விட்ட மறுநாள் கூப்பிடுங்கள்.