பட்டம் ஒரு புராஜெக்ட் என்றால், எந்த வடிவம்?

பட்டத்தைப் பொறியியல் புராஜெக்டாக எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் "எது நன்றாகப் பறக்கும்?" என்று கேட்டுத்தான் வடிவத்தைத் தேர்வு செய்கிறார்கள். என்னைக் கேட்டால், அது பாதிக் கேள்விதான். மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை அளக்க எந்த வடிவம் இடம் கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கண்ணோட்டத்தில் ஸ்லெட், டெல்டா, பெட்டிப் பட்டம், எடி பட்டம் என நான்கையும் அலசலாம்.

செய்வதற்கு ஸ்லெட்டைவிடச் சுலபமானது இல்லை. ஒரு பிளாஸ்டிக் தாள், அதில் நெடுக்காக ஒட்டிய இரண்டு குச்சிகள், இரு பக்க மூலைகளிலிருந்து வந்து சேரும் நீளமான கயிறு, அவ்வளவுதான். குறுக்குக் குச்சியே கிடையாது. காற்றுதான் அதை விரித்துப் பிடிக்கிறது. சிக்கலும் அங்கேதான். பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்தால் சுருங்கி மடங்கி விழுந்துவிடும். தாளில் துளை வெட்டினால் ஓரளவு அடங்கும். கயிறு கட்டும் இடமோ இரண்டே மூலைகள் என்பதால், காற்றுக்குப் பட்டம் காட்டும் கோணத்தை மாற்றிப் பார்க்க அதிக வழியில்லை. ஒரு மணி நேரத்தில் ஏதாவது பறந்தாக வேண்டும் என்றால் ஸ்லெட் போதும்.

டெல்டா இதற்கு நேர் எதிர். மெல்லிய காற்றிலேயே செங்குத்தாக ஏறும், பார்க்கவும் அழகு. அதன் குறுக்குக் குச்சி நடுக்குச்சியோடு கட்டப்படுவதில்லை. அதனால் சிறகுகள் காற்றுக்கேற்பத் தாமாகவே வளைந்து கொடுக்கின்றன. பறக்கவிடுபவருக்கு இது வரம். அளக்க வந்தவருக்குத் தலைவலி. வளைவு நிலையாக இல்லாதபோது எந்த மாற்றம் எதனால் வந்தது என்று சொல்வது கஷ்டம். போதாக்குறைக்கு நடுவில் தொங்கும் முக்கோணத் துணியைத் துல்லியமாகத் தைக்கவும் தெரிய வேண்டும்.

பெட்டிப் பட்டத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. லாரன்ஸ் ஹார்கிரேவ் 1893-இல் உருவாக்கிய வடிவம் இது. அடுத்த ஆண்டு நவம்பரில், ஆஸ்திரேலியாவின் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில், நான்கு பெட்டிகளைக் கோத்துத் தன்னையே சுமார் 5 மீட்டர் உயரத்துக்குத் தூக்கவைத்தார். வானிலை ஆய்வாளர்கள் கருவிகளை மேலே அனுப்பப் பல ஆண்டுகள் இதையே நம்பியிருந்தார்கள். எதையாவது தூக்கிச் செல்வதுதான் உங்கள் புராஜெக்ட் என்றால் இதையே எடுங்கள். மற்றபடி, எடை அதிகம், பலமான காற்று வேண்டும். உள்ளே முட்டுக்கொடுக்கும் குச்சிகளின் நீளம் கொஞ்சம் பிசகினாலும் பெட்டி முறுக்கிக்கொள்ளும். செய்துமுடிப்பதிலேயே நேரமெல்லாம் போய்விடும்.

என் ஓட்டு எடிக்குத்தான். அமெரிக்கரான வில்லியம் எடி 1890-களில் மலாய்ப் பட்டத்தைப் பின்பற்றி அமைத்த வாலில்லாப் பட்டம் இது. நடுக்குச்சியும் குறுக்குக் குச்சியும் ஒரே நீளம். உச்சியிலிருந்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கீழே குறுக்குக் குச்சியைக் கட்டி, அதன் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்கு வில்லாக வளைக்க வேண்டும். பட்டம் ஒருபக்கம் சாய்ந்தால் அதை நிமிர்த்துவது இந்த வளைவுதான். வில்லை இழுத்துக் கட்டியிருக்கும் நாணைத் தளர்த்தினால் அதே பட்டம் தட்டையாகிவிடும்; அப்போது வால் கட்டாமல் நிலைகொள்ளாது. ஆக வளைவும் வாலும் ஒரே வேலையை எப்படி வெவ்வேறு விதமாகச் செய்கின்றன என்பதை ஒரே பட்டத்தில் சோதிக்கலாம். சூத்திரக் கயிற்றில், அதாவது பட்டத்தையும் நூலையும் இணைக்கும் கயிற்றில், முடிச்சை 1 செ.மீ. அளவில் மேலும் கீழும் நகர்த்தலாம். ரொம்ப மேலே போனால் காற்றுக்குக் காட்டும் கோணம் குறைந்து பட்டம் தொய்யும். ரொம்பக் கீழே இறங்கினால் இழுப்பு கூடுமே தவிர உயரம் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைத் தேடினாலே ஒரு நல்ல வரைபடம் கிடைத்துவிடும்.

பொருள் விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். காகிதம் ஈரத்தில் தொய்யும், எளிதில் கிழியாத நெசவுள்ள ரிப்ஸ்டாப் நைலான் தாங்கும், முதல் பட்டத்துக்குப் பிளாஸ்டிக் தாளே போதும். குச்சிக்கு மூங்கில்: இருபுறமும் ஒரே மாதிரி வளையும்வரை சீவலாம். கார்பன் குச்சி எடை குறைவு, ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். எந்தக் குச்சியானாலும் மின்கம்பிப் பக்கம் போகவே கூடாது.

அப்புறம் சோதனை. 90 செ.மீ. குச்சிகள் கொண்ட, 80 கிராம் எடையுள்ள ஒரு எடி பட்டம் 30 மீட்டர் நூலில், தரையோடு 55 டிகிரியில் நிற்கிறது, சுருள் தராசு 4 நியூட்டன் காட்டுகிறது என்று வையுங்கள். இழுப்பின் செங்குத்துப் பகுதி 3.3, பட்டத்தின் எடை 0.8. இரண்டும் சேர்ந்து தூக்குவிசை 4.1 நியூட்டன். கிடைமட்டப் பகுதியான 2.3 நியூட்டன்தான் பின்னிழுவை, அதாவது காற்று பட்டத்தைப் பின்னுக்குத் தள்ளும் விசை. தூக்குவிசைக்கும் பின்னிழுவைக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1.8. ஒரு தராசும் ஒரு கோணமானியும் இவ்வளவு சொல்லிவிடுகின்றன. நூல் நீண்டால் தன் எடையால் தொங்கிக் கோணத்தைக் கெடுக்கும், அதனால்தான் 30 மீட்டரோடு நிறுத்துவது.

இதில் கைக்கு அடங்காதது காற்று. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அதனால் காலையில் ஒரு முடிச்சு, மாலையில் இன்னொரு முடிச்சு என்று ஒப்பிட்ட எண்களுக்கு அர்த்தமில்லை. தரையில் பிடித்த காற்றுமானியும் மேலே வீசும் வேகத்தைவிடப் பொதுவாகக் குறைவாகவே காட்டும். இதற்குச் சுலபமான வழி, ஒரே மாதிரி இரண்டு எடி செய்து, ஒன்றைத் தொடாமல் வைத்து, மற்றதில் மட்டும் மாற்றங்கள் செய்து, இரண்டையும் போதிய இடைவெளியில் ஒரே நேரத்தில் பறக்கவிடுவது. பெட்டிப் பட்டத்தில் இரண்டாவதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.