தனிமனையா, அடுக்குமாடியா? தெருவுக்கு அடியில் ஒரு கணக்கு

புறநகரில் காற்றும் இடமும் உண்டு, நகருக்குள் நடந்தே வேலையை முடிக்கலாம். இது எல்லோருக்கும் தெரியும். மனை பார்க்கப் போகிறவர் கண்ணில் படாதது தெருவுக்கு அடியில் கிடக்கிறது.

20 மீட்டர் முகப்புள்ள மனைகள் இருபுறமும் இருந்தால் ஒரு கிலோமீட்டர் தெருவுக்கு 100 வீடு. ஆளுக்கு 10 மீட்டர் சாலை, 10 மீட்டர் குடிநீர்க் குழாய், 10 மீட்டர் பாதாளச் சாக்கடை. அதே மனைகளில் தளத்துக்கு நான்கு வீடாக நான்கு தளம் எழுப்பினால் 1,600 வீடு. ஆளுக்கு 62 சென்டிமீட்டர்தான். குழாய் பெரிதாக வேண்டாமா? வேண்டும். ஆனால் விட்டத்தை இரட்டித்தாலே, அதே அழுத்த இழப்பில், ஏறத்தாழ ஆறு மடங்கு தண்ணீர் போகும். 16 மடங்குக்கு மூன்று மடங்கு விட்டம்கூடத் தேவைப்படாது. பள்ளம் தோண்டி, மூடி, மேலே தார் போடுகிற கூலி அந்த அளவுக்கு ஏறாது.

முதல் தடவை இது யாருக்கும் உறைக்காது. லேஅவுட் போட்டவரே குழாயும் பதித்து, மனை விலையில் ஏற்றி, சாலையை உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிடுவார். சில ஆண்டுகள் செலவில்லாமல் வரி வரும். பிறகு 10, 15 ஆண்டில் தார் பெயரும். சாக்கடைப் பம்பும் 15, 20 ஆண்டில் மாற்றக் கேட்கும். சொத்துவரியோ வீட்டைப் பார்த்துப் போடுவது, குழாயின் நீளத்தைப் பார்த்து அல்ல. 100 வீட்டு வரியில் துண்டு விழுந்தால் பொதுக் கஜானாதான் ஈடுகட்டும். அதில் 62 சென்டிமீட்டர்காரர் பணமும் இருக்கிறது. அவர் லிப்ட், மோட்டார், மேல்தொட்டிக்கு மாதாமாதம் தனியாகவும் கட்டுகிறார்!

வீடு குறைந்தால் குழாயும் கெடும். சாக்கடையில் ஓட்டம் போதாமல் கசடு தங்கி, அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு அமிலமாக மாறி கான்கிரீட் குழாயின் மேல்வளைவை அரிக்கும். முட்டுத்தெருக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கிக் குளோரின் குறையும். திறந்துவிட்டுக் கழுவித்தான் ஆகவேண்டும்.

அடுக்குமாடிப் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. கேபிள்களுக்கு நடுவே, போக்குவரத்தைத் திருப்பிவிட்டுத் தோண்டும்போது மீட்டருக்கு ஆகும் செலவு கூடும். பழைய சாக்கடையை மாற்றாமல் தளங்களை மட்டும் ஏற்றினால் மேன்ஹோல் பொங்கும். நான்கு தளக் கணக்கை முப்பது தளத்துக்கு நீட்டவும் முடியாது; அழுத்தப் பம்பும் தீயணைப்புக் குழாயும் வேறு செலவு. சொந்தக் கிணறு, செப்டிக் டேங்க் என்று தள்ளி இருப்பவர், சாலை நீங்கலாக, ஊரார் தலையில் பெரிதாக எதையும் ஏற்றுவதில்லை. அங்கே மெயின் லைன் கேட்கும் நாளில்தான் கணக்கு மாறும்.

எப்படியும் புறநகர்தான் என்றால், சாலை ஒப்படைப்பு முடிந்ததா, குழாய் எந்த ஆண்டு போட்டது, மேம்பாட்டுக் கட்டணம் முதல் குழாய்க்கு மட்டுமா என்று கேளுங்கள். சாக்கடை சரிவிலேயே ஓடுகிறதா, பம்பு வைத்து ஏற்றுகிறார்களா என்பதையும் விடாதீர்கள். பம்பு என்றால் மின்கட்டணமும் ஜெனரேட்டர் டீசலும் யார் பெயரில் இருக்கின்றன என்று எழுத்தில் வாங்குங்கள்.