பழத்தோட்ட வீடா, துரை பங்களாவா, கடைவீடா? பினாங்கில் பழைய வீடு வாங்க நினைப்பவர்களுக்கு

பினாங்கில் பழைய வீடு வாங்க ஆசைப்படும் நம்மவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஜார்ஜ்டவுனில் போருக்கு முந்தைய கடைவீடு, அதாவது கீழே கடையும் மேலே குடியிருப்புமாகக் கட்டிய வரிசை வீடு ஒன்று. தீவின் பின்பக்கம், பாலிக் புலாவில், டுரியான் மரங்களுக்கு நடுவே நிற்கும் பழைய வீடு இன்னொன்று. பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போனால் சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சியிருக்கும் துரை பங்களா, அதாவது வெள்ளைக்காரத் தோட்ட துரைகள் வாழ்ந்த வீடு மூன்றாவது. தரகர்கள் மூன்றையும் 'பாரம்பரிய வீடு' என்றே விற்கிறார்கள். ஆனால் வாங்கிக் குடிபோன பிறகு வாழும் வாழ்க்கை மூன்றிலும் வேறு வேறு. என் மனம் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் காவல் இல்லாத வீட்டுக்குத்தான் நம் அக்கறை முதலில் போக வேண்டும்.

கடைவீட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன். சூலியா தெருவும் குவீன் தெருவும் நம் வரலாறு. குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833 முதல் அங்கே இருக்கிறது. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியத் தலமானது. மையப் பகுதி ஏறக்குறைய 109 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டர். இந்த எல்லைக்குள் ஒரு சன்னலை மாற்றவும் அனுமதி கேட்க வேண்டும். பலருக்கு அது தொல்லை. வீட்டுக்கோ அதுதான் ஆயுள் காப்பு. நீங்கள் வாங்காவிட்டாலும் அந்தக் கடைவீட்டை யாரும் எளிதில் இடிக்க முடியாது. வாடகைக்கு விடவும் அதுவே தோது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948-க்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை நெடுங்காலம் அடக்கி வைத்திருந்தது. அந்தப் பிடி 2000 தொடக்கத்தில் விலகியதும் வாடகை ஏறியது, பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள், விலையும் வேறு உயரத்துக்குப் போனது. அவ்வளவு கொடுத்தும் கிடைக்கும் நிலம் அஞ்சடியில் (கடை முன்னால் கூரையோடு உள்ள நடைபாதையில்) தொடங்கிப் பின்சந்தில் முடிந்துவிடும். மரம் நட இடம் கிடையாது. நிலம் வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது.

பாலிக் புலாவ் முற்றிலும் வேறு உலகம். பாயா தெருபோங்கிலிருந்து மலைவழி ஏறி இறங்கினால் டுரியான், ஜாதிக்காய், கிராம்பு. மே மாதம் தொடங்கி டுரியான் காலத்தில் சாலையோரமே மணக்கும். இங்கே விற்பனைக்கு வரும் பழைய வீடுகள் பெரும்பாலும் கீழே செங்கல், மேலே பலகை. அல்லது தூண்மேல் நிற்கும் முழு மரவீடு. நிலம் ஒன்றிரண்டு ஏக்கராவது இருக்கும். பிள்ளைகள் ஓட இடமுண்டு. பழம் நன்றாகக் காய்க்கிற ஆண்டில் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியாவது நிலத்திலிருந்தே திரும்பும்.

இங்கே பார்க்க வேண்டியது பட்டா. பெரும்பாலும் வேளாண் நிலம் என்றே எழுதியிருக்கும். அதில் உரிமையாளர் குடியிருக்க வீடு வைத்துக்கொள்ளலாம். விருந்தினர் விடுதி, உணவகம் என்று போனால் நிலப் பயன்பாட்டை மாற்ற விண்ணப்பித்து, மாநில அரசுக்குப் பிரிமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டும். 'ஹோம்ஸ்டே நடத்திக் கடனைக் கட்டிவிடலாம்' என்று தரகர் சொன்னால், அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டுப் பேசுங்கள். இன்னொரு சிக்கல் பரம்பரைச் சொத்து. பட்டாவில் தாத்தா பெயரோடு அவர் தம்பிகள் பெயரும் இருக்கும். பாதிப்பேர் இறந்திருப்பார்கள். வாரிசுகள் ஆஸ்திரேலியாவில் இருப்பார்கள். அத்தனை கையெழுத்தும் சேரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரிவையும் பாருங்கள். பினாங்கில் கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலுள்ள நிலம் மலைநிலமாகக் கருதப்படும். அங்கே புதிதாக எதையும் கட்டுவது மிகக் கடினம். 2017 நவம்பர் வெள்ளம் தீவையும் பெருநிலத்தையும் சேர்த்து மூழ்கடித்தது. அன்று தண்ணீர் எதுவரை வந்தது, மண் எங்கே சரிந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். விற்பவர் அதைத் தானாகச் சொல்லமாட்டார்.

இனி துரை பங்களா. செங்கல் தூண்மேல் உயர்ந்த தளம், நாலாபக்கமும் வராந்தா, உயரமான கூரை, தனியாகப் பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் வேலையாட்கள் அறை. நம் பாட்டி ஆயாவாக நுழைந்ததும் தாத்தா தோட்டக்காரராக நுழைந்ததும் அந்தப் பின்வாசல் வழியாகத்தான். லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து பார்த்தால் மேட்டில் வெள்ளையாகத் தெரிந்த வீடு அது. அந்தச் சுவருக்குள் நம் ஆட்களின் உழைப்பு இருக்கிறது. அதனால்தான் இது இன்னொருவரின் நினைவுச்சின்னம் என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மூன்றில் அதிக ஆபத்தில் இருப்பதும் இதுதான். நிபோங் திபால் கலிடோனியா தோட்டத்தின் 99 கதவு மாளிகையை எல்லோரும் அறிவார்கள். ராம்ஸ்டன் குடும்பத்தின் வீடு. 1948-இல் உரிமையாளர் சுட்டுக் கொல்லப்பட்டார், பிறகு வீடு கைவிடப்பட்டுச் சிதைந்தது. இன்று பேய்க்கதை தேடி வருபவர்கள்தான் அதிகம். அவ்வளவு பெயர் பெற்ற வீட்டுக்கே அந்த நிலை என்றால், செம்பனைக்குள் பெயரில்லாமல் நிற்கும் பங்களாவை யார் காப்பாற்றுவார்கள்? 2005-இல் தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்த பிறகும், கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் 1929-இல் கட்டிய போக் ஹவுஸ் மாளிகையை 2006 டிசம்பரில் இடித்தார்கள். பட்டியலில் சேராத வீட்டுக்குச் சட்டம் துணை வராது. 2014-இல் இரண்டாவது பாலம் பத்து காவானில் வந்து இறங்கியதிலிருந்து சுற்றுவட்டார நிலத்துக்கெல்லாம் தொழிற்சாலைக் கனவு வந்துவிட்டது. "அண்ணே, விலை நிலத்துக்குத்தான், வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டிக்கலாம்" என்று தரகர் சாதாரணமாகச் சொல்வார். அந்தப் பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். ஆனால் வீட்டுக்கு அவர் மதிப்பே போடவில்லை என்பதை விலை பேசும்போது பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பங்களாவுக்குத் தனிப்பட்டா இருக்கிறதா? 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஆயிரக்கணக்கான நம் குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. அதற்குப் பதிலடியாகத்தான் அன்றைய ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் மாதச் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கிக் காட்டினார். பின்னர் நிலச் சட்டத்திலும் 214ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டர், அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி இல்லாமல் பிரித்து விற்க முடியாது. ஆகவே 'பங்களாவும் ஐந்து ஏக்கரும்' என்று விளம்பரம் வந்தால், அந்த ஐந்து ஏக்கர் ஏற்கெனவே பிரிந்து தனிப்பட்டாவாக இருக்கிறதா, இல்லை பிரிக்கப் போகிறார்களா என்று வழக்கறிஞரை வைத்துத் தேடிப் பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் காத்திருந்து ஏமாறத்தான் வேண்டும். வீட்டுக்குப் போகும் செம்மண் பாதையும் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தமா என்று பாருங்கள். வரைபடத்தில் பாதை இல்லாத வீட்டுக்கு நாளைக்கே வேலி போட்டுவிடலாம்.

லயத்தில் இன்னும் குடும்பங்கள் இருந்தால், ஓரத்தில் முனியாண்டி கோயில் இருந்தால், அவர்களோடு முதலில் உட்கார்ந்து பேசுங்கள். அவர்களை வெளியேற்றிக் காலியாகத் தருகிறேன் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். அந்த வீட்டை நாம் வாங்குவதற்கான நியாயமே அதில் போய்விடும்.

பினாங்கு மலைப் பங்களாக்களையும் சிலர் கேட்கிறார்கள். அழகுதான். ஆனால் 1923-இல் தொடங்கிய மலை ரயிலையும் அனுமதிச் சீட்டு தேவைப்படும் ஜீப் பாதையையும் நம்பித்தான் ஒரு மூட்டை சிமெண்டு கூட மேலே போக வேண்டும். விட்டுவிடலாம்.

பழுதுபார்ப்பில் மூன்றுக்கும் பொதுவான எதிரி ஈரம். பழைய செங்கல் சுவரைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசியிருப்பார்கள். அது ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் சுவர் உதிரும். ஆகவே சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வீடு வாங்கும் முன்பே தேடிவையுங்கள். கூரைக்கு மேலே ஏறிப் பார்க்காமல் விலை பேசவே கூடாது. ஓடு ஒன்று நழுவி ஒழுகினால் முதலில் உத்தரம் ஊறும், அப்புறம் கரையான் வரும். செங்கால் என்ற கடின மரம் தாங்கும், சாதாரணப் பலகை தாங்காது. கடைவீட்டில் இரண்டு பக்கமும் அடுத்த வீடு தாங்கி நிற்கிறது, கூரையும் சிறியது. பங்களாவில் கூரை பெரிது, மழை நாலு பக்கமும் அடிக்கும். செலவில் அது முதலிடம். இடிந்த மாளிகைக்கும் மறுவாழ்வு உண்டு என்பதற்கு ஆயர் ஈத்தாம் சாலை சஃபோக் ஹவுஸே சாட்சி. பள்ளி காலி செய்த பின் கூரை விழுந்து பாழாகிக் கிடந்த அது, 2007-இல் சீராகி மறு ஆண்டே யுனெஸ்கோ விருது பெற்றது. ஆனால் அதற்குப் பின்னால் அரசும் வங்கியும் பாரம்பரிய அமைப்புகளும் சேர்ந்து நின்றன.

பணத்தைப் பொறுத்தவரை, வீட்டுக்கு 90 விழுக்காடு வரை கடன் தரும் வங்கி வேளாண் நிலத்துக்கு அவ்வளவு தராது. கையில் ரொக்கம் அதிகம் வேண்டும். 12 இலட்சம் ரிங்கிட் வீட்டுக்கு முத்திரை வரி மட்டும் 32,000 ரிங்கிட். வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. ஆறாம் ஆண்டிலிருந்துதான் குடிமக்களுக்கு அது இல்லை. பினாங்கில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. மலாய்க்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கிய நிலம் என்ற சிக்கல் இங்கே எழாது. கிரியான் ஆற்றைத் தாண்டிப் பேராக்கில் மலிவாகக் கிடைக்கிறதே என்று போனால், அங்கே முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

வாடகை வருமானம்தான் குறி என்றால் கடைவீடு. தினமும் அங்கேயே இருந்து வேலை பார்க்கக்கூடிய ஒரு குடும்பத்துக்குப் பாலிக் புலாவ். துரை பங்களாவைத் தனி ஒருவர் சுமக்க முடியாது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் முடியும், தனிப்பட்டாவும் பாதையும் சரியாக இருந்தால் நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். சேர்ந்து வாங்குகிறவர்கள், ஒருவர் விலக விரும்பினால் அவர் பங்கை யார், எந்த மதிப்பீட்டில், எத்தனை மாதத்துக்குள் வாங்குவது என்பதைப் பத்து விழுக்காடு முன்பணம் கட்டும் முன்பே வழக்கறிஞர் முன் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டுவிடுங்கள்.