இன்ஸ்டால் ஆகிவிட்டது, கூப்பிட்டால் வரவில்லை: எந்த வழி யாருக்கு?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரிப் பக்கம் கரண்ட் எப்போது போகும், நெட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் லேப்டாப்பை ஸ்வெட்டருக்குள் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். கோவையில் கல்லூரி, தீபாவளி லீவுக்கு மேலே வந்திருந்தாள்.

"அண்ணா, இன்ஸ்டால் பண்ணிட்டேன். ஆனா அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது."

தாத்தா பெட்டியில் கிடந்த பழைய கோயில் திருவிழா மலர் ஒன்றை, மொத்தம் 64 பக்கம், ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். உட்கார்ந்து டைப் அடிக்காமல் படத்திலிருந்தே எழுத்தை எடுக்க டெசராக்ட் என்ற மென்பொருளைத் தேடிப் பிடித்திருக்கிறாள். நல்ல தேர்வுதான். ஹெச்பி நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவாகி, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள் அது. காசு கிடையாது, தமிழும் படிக்கும். ஆனால் அழுத்துவதற்குப் பட்டன் எதுவும் இருக்காது. கறுப்புத் திரையில் பெயரை அடித்துத்தான் கூப்பிட வேண்டும்.

அவள் முதலில் போட்டது பைடெசராக்ட். பெயர் ஒன்றுபோல இருப்பதால் நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். அது பைத்தான் என்ற நிரல் மொழியிலிருந்து டெசராக்டைக் கூப்பிடும் ஆள் மட்டுமே. டெசராக்ட் அதற்குள் இல்லை. ஓட்டினால், "டெசராக்ட் நிறுவப்படவில்லை, அல்லது உங்கள் பாத்தில் இல்லை" என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வரும். அந்த 'அல்லது'வைக் கவனியுங்கள். அடுத்து விண்டோஸுக்கான இன்ஸ்டாலரை இறக்கி நிஜ டெசராக்டையும் போட்டுவிட்டாள். செய்தி மட்டும் மாறவில்லை. முன்னே முதல் பாதி உண்மையாக இருந்தது, இப்போது இரண்டாவது பாதி.

பாத் என்பது பெரிய சமாசாரம் இல்லை. ஃபோல்டர் பெயர்களை வரிசையாக எழுதி வைத்த ஒரே ஒரு வரி. லினக்ஸில் நடுவே கோலன், விண்டோஸில் செமிகோலன். நீங்கள் ஒரு பெயரை அடித்ததும் ஷெல், அதாவது கறுப்புத் திரையில் உங்கள் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல், அந்த வரிசையை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை ஓட்டும். வரிசை முடிந்தும் கிடைக்காவிட்டால் கையை விரிக்கும். டிஸ்க் முழுக்கத் தேடாது. லினக்ஸிலும் விண்டோஸின் புதிய ஷெல்லான பவர்ஷெல்லிலும் நீங்கள் நின்றுகொண்டிருக்கிற ஃபோல்டரைக்கூடப் பார்க்காது. விண்டோஸின் பழைய ஷெல்லான கமாண்ட் பிராம்ப்ட் மட்டும் அதைத்தான் முதலில் பார்க்கும்.

ஆக, புதிதாகப் போட்ட மென்பொருளை ஷெல்லுக்குக் காட்டிக்கொடுக்க என்ன வழி என்பதுதான் கேள்வி. வழக்கத்தில் ஐந்து வழிகள் உண்டு. ஐந்துக்கும் கட்சிக்காரர்களும் உண்டு.

முழு முகவரி சொல்லிக் கூப்பிடுவது

எந்த அமைப்பையும் தொட வேண்டாம். சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், டெசராக்ட் ஃபோல்டர், அதற்குள் இருக்கும் ஈஎக்ஸ்ஈ (ஓட்டும் கோப்பு) என்று முழுசாக எழுதிவிட்டால் தேடலே கிடையாது. புதிதாகப் போட்டது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட நேர்மையான சோதனை இல்லை. முழு முகவரியில் ஓடி, பெயரில் ஓடவில்லை என்றால் கோளாறு பாத்தில். முழு முகவரியிலும் ஓடவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ. அப்புறம் பாத்தை நோண்டிப் பயனில்லை.

விண்டோஸில் சின்ன இடைஞ்சல் ஒன்று உண்டு. புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயரின் நடுவே இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறி போட வேண்டும். பவர்ஷெல்லில் அப்படிப் போட்டு என்டர் தட்டினால், நீங்கள் எழுதியதையே திருப்பி அச்சடித்துவிட்டுச் சும்மா இருக்கும். முன்னால் ஓர் '&' குறி போட்டால்தான் ஓட்டும். அவள் இதிலேயே அரை மணி நேரம் போராடியிருந்தாள், பாவம்.

தினமும் பத்துத் தடவை கூப்பிட இந்த வழி ஆகாது. ஆனால் ராத்திரியில் தானாக ஓடும் வேலைகளுக்கு இதுதான் என் முதல் தேர்வு. லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் உங்கள் பாத்தைக் கண்டுகொள்ளாது. வழக்கமாக இரண்டே ஃபோல்டர் கொண்ட குட்டிப் பாத்தை வைத்துக்கொண்டுதான் ஓடும். பகலில் டெர்மினலில் (லினக்ஸின் கறுப்புத் திரை) ஒழுங்காக ஓடும் பேக்கப், ராத்திரியில் 'கமாண்ட் கிடைக்கவில்லை, பிழை எண் 127' என்று விழுந்து கிடப்பது பெரும்பாலும் இதனால்தான்.

பாத்தில் ஃபோல்டரைச் சேர்ப்பது

எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை. விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் 'என்விரான்மென்ட்' என்று அடித்தால் உங்கள் கணக்குக்கான மாறிகளைத் திருத்தும் ஜன்னல் திறக்கும். பாத்தைத் தேர்ந்தெடுத்து, புது வரியாக அந்த ஃபோல்டரைச் சேர்த்து, ஓகே கொடுத்தால் முடிந்தது. முக்கியமான ஒன்று: ஏற்கெனவே திறந்திருக்கும் கறுப்புத் திரைக்கு இந்தச் செய்தி போய்ச் சேராது. மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். "சேர்த்தேன், ஒண்ணும் நடக்கலை" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் மருந்து.

இதையே ஒரே வரியில் முடிக்கலாம் என்று செட்எக்ஸ் கட்டளையைக் காட்டுபவர்களும் உண்டு. நான் ஒருமுறை காட்டியவர்களை நம்பிப் போட்டேன். 1024 எழுத்துக்கு மேல் இருப்பதை அது வெட்டிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. போதாததற்கு, கணினிக்கான பாத்தையும் என் கணக்கின் பாத்தையும் ஒன்றாகப் பிசைந்து என் கணக்கில் எழுதிவிட்டது. வரிசையின் வால் போச்சு; வாலில் இருந்த கருவிகள் எல்லாம் ஒரே நொடியில் 'இல்லை' ஆகின. எது எங்கே இருந்தது என்று நினைவிலிருந்து எழுதிச் சேர்க்க இரண்டு நாள் ஆயிற்று. ஜன்னலைத் திறந்தே செய்யுங்கள்.

இந்த வழியின் நிஜக் குறை வேறு. கருவிக்கு ஒரு வரி என்று சேர்த்துக்கொண்டே போனால், ஒரு வருஷத்தில் பாத் நம் ரேஷன் கார்டு மாதிரி ஆகிவிடும்: இருக்கிறவர், இல்லாதவர், கல்யாணமாகிப் போனவர் எல்லோர் பெயரும் அதில் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு பதிப்பு வந்துவிட்டால் எது ஓடுகிறது என்பதே குழப்பம். மேட்டுப்பாளையத்தில் 'ஊட்டி' என்ற போர்டை மட்டும் பார்த்து ஏறினால் பஸ் குன்னூர் வழியாகப் போய்விடும், கோத்தகிரியில் இறங்க வேண்டியவர் முழிப்பார். அதே கதைதான்.

எந்தப் பதிப்பு, எந்த வழி என்று கேட்கவும் கட்டளை உண்டு. லினக்ஸில் பலரும் விச் அடிப்பார்கள். நான் 'டைப் மைனஸ் ஏ' அடிப்பேன். விச் பாத்தை மட்டும் பார்க்கும். டைப், ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளைகளையும் நாமே வைத்த செல்லப் பெயர்களான அலியாஸ்களையும் சேர்த்து வரிசையாகச் சொல்லிவிடும். 'டெஸ்ட்' என்று பெயர் வைத்துச் சொந்தமாக ஒரு நிரல் எழுதி, ஓட்டினால் ஒன்றுமே நடக்காமல் நொந்து போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். டெஸ்ட் என்று ஷெல்லுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது; அது சத்தமில்லாமல் ஓடி முடிந்திருக்கும். விண்டோஸில் 'வேர்' என்ற கட்டளை. பவர்ஷெல்லில் அதே பெயர் வேறு வேலைக்குப் போய்விட்டதால், அங்கே 'வேர் டாட் ஈஎக்ஸ்ஈ' என்று முழுப் பெயர் சொல்ல வேண்டும்.

சொந்தமாக ஒரே ஃபோல்டர்

லினக்ஸில் என் ஓட்டு இதற்குத்தான். வீட்டு டைரக்டரிக்குள் 'டாட் லோக்கல்', அதற்குள் 'பின்' என்று ஒரு ஃபோல்டர். புதிதாக எது வந்தாலும் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். இந்த ஃபோல்டருக்குள் அதற்கு ஒரு சிம்லிங்க் (அசல் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு) மட்டும் போடுவது. பாத்தில் ஒரே ஒரு வரிதான், வாழ்நாளுக்கும். வேண்டாம் என்றால் லிங்கை அழித்தால் போதும். என்னென்ன நானாகப் போட்டேன் என்பதை அந்த ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்தே சொல்லிவிடலாம். மழைக்காலத்தில் நெட் படுத்தால், குன்னூரிலிருந்து யாராவது பென்டிரைவில் கொண்டுவந்த ஒற்றைக் கோப்புக்கும் இது ஒத்துவரும்: உள்ளே போட்டு, 'சிஹெச்மாட்' கொடுத்து ஓட்டும் உரிமை தந்தால் ஆயிற்று.

உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஃபோல்டரைப் பாத்தில் சேர்க்கும் வரி ப்ரொஃபைல் கோப்பில் ஏற்கெனவே எழுதித்தான் இருக்கும். ஆனால் 'அப்படி ஒரு ஃபோல்டர் இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையோடு, அதுவும் லாக்இன் ஆகும்போது மட்டும். நீங்கள் இன்றைக்குத்தான் ஃபோல்டரை உண்டாக்கினீர்கள் என்றால், லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வரும்வரை அது கணக்கிலேயே வராது. ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டு, காலையில் கணினியைப் போட்டதும் தானாகச் சரியாகிவிட்டது என்று ஆச்சரியப்படுபவர்களின் ரகசியம் இதுதான்.

இன்னொன்று, லினக்ஸின் வழக்கமான ஷெல்லான பாஷின் ஞாபக சக்தி. ஒரு கட்டளையை ஒருமுறை கண்டுபிடித்தால் அதன் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். பழைய பதிப்பை ஓட்டிவிட்டு, அதே ஜன்னலில் புதியதை முன்னால் கொண்டுவந்து வைத்தாலும் பழையதைத்தான் ஓட்டும். 'ஹாஷ் மைனஸ் ஆர்' கொடுத்தால் மறந்துவிடும்.

விண்டோஸில் இந்த வழி பாதிதான் எடுபடுகிறது. எஃப்எஃப்எம்பெக், ஒய்டி-டிஎல்பி போன்ற வீடியோக் கருவிகளின் ஒற்றை ஈஎக்ஸ்ஈ என்றால் அப்படியே சொந்த ஃபோல்டருக்குள் போட்டுவிடலாம். டெசராக்ட் அப்படி இல்லை. பக்கத்திலேயே டிஎல்எல் என்ற துணைக் கோப்புகளின் கூட்டமும் மொழிக் கோப்புகளும் இருந்தாக வேண்டும். ஈஎக்ஸ்ஈயை மட்டும் பிய்த்து வைத்தால் ஓடாது. அதனால் முழு முகவரியை எழுதிய ஒற்றை வரி பேட்ச் கோப்பை (கட்டளைகளை எழுதிவைத்த உரைக் கோப்பு) உள்ளே வைப்பார்கள். அன்று ராத்திரி நானும் அவளுக்கு அதைத்தான் செய்துகொடுத்தேன், லினக்ஸ் பழக்கத் தோஷம். பெயரை அடித்தாள், பதிப்பு எண் வந்தது, சந்தோஷமாகப் போனாள்.

அலியாஸ்

டெர்மினலில் கையால் அடிக்கும்போது மட்டும் செல்லும் செல்லப் பெயர். ஸ்கிரிப்டுக்குள் வழக்கமாக வேலை செய்யாது, க்ரானில் செய்யாது, இன்னொரு நிரல் கூப்பிட்டால் செய்யாது. நீளமான கட்டளையைச் சுருக்க நல்லது. மென்பொருளைக் கண்டுபிடிக்க வைக்கும் வழியாக இதைச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பேக்கேஜ் மேனேஜரிடம் விடுவது

மென்பொருளைத் தானே இறக்கி நிறுவும் கருவிதான் பேக்கேஜ் மேனேஜர். உபுண்டுவில் அது ஏபிடி. அதன் வழியாக டெசராக்டையும் அதன் தமிழ்ப் பொதியையும் போட்டால் மேலே சொன்ன எந்தப் பிரச்சினையும் கிடையாது. அது போய் உட்காரும் இடம் எப்போதும் பாத்தில் இருக்கும் இடம். மேம்படுத்துவதும் ஏபிடியின் பொறுப்பு. பதிப்பு கொஞ்சம் பழசாக இருக்கலாம். இறக்கும் நேரத்தில் நெட் வேண்டும். இந்த இரண்டும் பரவாயில்லை என்றால் வேறு யோசிக்கவே வேண்டாம். மேக்கில் ஹோம்ப்ரூவும் இப்படித்தான். ஆனால் இன்டெல் மேக்கில் ஒரு இடம், ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட மேக்கில் வேறு இடம் என்பதால், பழைய குறிப்பைப் பார்த்துப் பாத் எழுதினால் தவறிவிடும்.

விண்டோஸில் வின்கெட் இருக்கிறது. ஒற்றைக் கோப்புக் கருவிகளை அது தன் லிங்க்ஸ் ஃபோல்டரில் சேர்த்துப் பாத்துக்குள் கொண்டுவந்துவிடும். இன்ஸ்டாலரோடு வருபவற்றுக்கோ, அந்த இன்ஸ்டாலர் பாத்தைத் தொடுமா தொடாதா என்பதைப் பொறுத்தது. வின்கெட் போட்டதால் மட்டும் பெயரில் கூப்பிடலாம் என்று நம்பிவிடாதீர்கள்.

மறுநாள் காலை, பனி விலகுவதற்கு முன்பே அவளிடமிருந்து போன். "அண்ணா, 64 பக்கத்துக்கும் ஒரு பேட்ச் கோப்புல லூப் எழுதினேன். ஒரே பக்கத்தோட நின்னுடுச்சு. பைத்தான்ல கூப்பிட்டாலும் மறுபடி இல்லைங்குது."

இரண்டுமே நான் வைத்த பேட்ச் கோப்பின் வேலை. ஒரு பேட்ச் கோப்புக்குள்ளிருந்து இன்னொன்றைக் 'கால்' என்று சொல்லாமல் கூப்பிட்டால் கட்டுப்பாடு அங்கேயே போய்விடும், திரும்பி வராது. லூப் முதல் சுற்றோடு முடிந்துவிடும். பைடெசராக்ட் கூப்பிடும் விதத்தில் விண்டோஸ் ஈஎக்ஸ்ஈயை மட்டும்தான் தேடும். பேட்ச் கோப்பு அதன் கண்ணிலேயே படாது. பேட்சை அழிக்கச் சொன்னேன். என்விரான்மென்ட் ஜன்னலைத் திறந்து டெசராக்ட் ஃபோல்டரைப் பாத்தில் சேர்க்கச் சொன்னேன், கறுப்புத் திரையை மூடித் திறக்கச் சொன்னேன். அவள் வேலைக்கு, அந்த லேப்டாப்பில், முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதுதான்.

பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். 64ம் ஓடிவிட்டன, ஆனால் வந்ததெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. மொழியைச் சொல்லாவிட்டால் அது ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும். தமிழைக் குறிக்கும் 'மைனஸ் எல், டிஏஎம்' சேர்க்கச் சொன்னேன். தமிழ்க் கோப்பே கிடைக்கவில்லை என்றது. இன்ஸ்டால் செய்தபோது கூடுதல் மொழிகள் பட்டியலில் தமிழை டிக் செய்யாமல் விட்டிருக்கிறாள். அதை இறக்க நெட் வேண்டும். நெட் அப்போதுதான் போனது.