உத்தரிக்கும் தலம்: அம்மாவின் வேதாகமமும் மாமியாரின் விவிலியமும்

நான் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்க வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். அம்மாவின் அடக்க ஆராதனையில் எங்கள் சபை ஐயர் அவர் வாழ்ந்த வாழ்க்கைக்காக நன்றி சொன்னார், எங்களுக்கு ஆறுதல் கேட்டு ஜெபித்தார். அம்மாவுக்காக ஜெபிக்கவில்லை. முப்பதாம் நாள் மாமியார், "உங்க அம்மாவுக்கு ஒரு பூசை வைப்போமா?" என்று கேட்டார். இறந்தவர்கள் விண்ணகம் போகுமுன் தூய்மை பெறும் உத்தரிக்கும் தலம் என்று ஒன்று உண்டா, அவர்களுக்காக வேண்டலாமா என்பதில் இரண்டு சபைகளும் வேறுபடுகின்றன. அப்போதுதான் இரண்டு பக்கத்தையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இன்று நான் கத்தோலிக்கப் பக்கம்.

பிறந்த வீட்டு வாதம் எளிமையானது. சிலுவையில் தொங்கிய கள்வனிடம் இயேசு, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். கிறிஸ்துவின் இரத்தம் போதுமென்றால் அப்புறம் எதற்கு ஒரு சுத்திகரிப்பு? பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517-இல் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் கிளம்பியதும் நியாயமே. 1563-இல் உத்தரிக்கும் தலம் பற்றிய போதனையை உறுதிசெய்த கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கமும், இதை வைத்துக் காசு பார்ப்பதைக் கண்டித்தது.

உத்தரிக்கும் தலம் இன்னொரு வாய்ப்பு என்றுதான் நானும் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது தப்பு. கடவுளின் அருளில் இறந்தும் இன்னும் முழுத் தூய்மை அடையாதவர்களுக்கு உரியது அது. அவர்களுக்கு விண்ணகம் உறுதி. தீட்டானது எதுவும் அங்கே நுழையாது என்கிறது திருவெளிப்பாடு 21:27.

ஆனால் என்னை அசைத்தது இறந்தவர்களுக்காக வேண்டலாமா என்ற ஒரே கேள்விதான். அம்மாவின் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், மாமியாரின் விவிலியத்தில் 73. அந்த ஏழில் ஒன்றுதான் மக்கபேயர் இரண்டாம் நூல். போரில் விழுந்த வீரர்களை எடுக்கப் போன யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே, அவர்களின் உடைக்குள் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்துகளைப் பார்க்கிறார். உடனே வீரர்களிடம் சுமார் 2000 வெள்ளிக் காசு திரட்டி, பாவப் பரிகாரப் பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறார். இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று நம்பியிராவிட்டால் இப்படி வேண்டுவது வீண் என்று 12-ஆம் அதிகாரமே விளக்குகிறது.

1519-இல் லைப்சிக் விவாதத்தில் லூதர், இந்த நூல் திருமுறையில் (வேதாகமமாக ஏற்கப்பட்ட நூல்களின் பட்டியலில்) சேராது, ஆகவே ஆதாரமாகாது என்றார். சரி, திருமுறையில் சேர்க்க வேண்டாம், வரலாறாக மட்டும் படிப்போம். அப்போதும், இயேசு பிறப்பதற்கு முன்பே யூதர்கள் தங்கள் இறந்தவர்களுக்காக வேண்டினார்கள் என்பது நிற்கிறதே! இறந்தவரின் நிலை முடிந்துபோன கதை என்றால் அந்த வேண்டுதலுக்கு என்ன பொருள்?

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலை வழிபாடு சாவான பாவம், அதாவது கடவுளின் அருளையே இழக்கச் செய்யும் பாவம். அந்த வீரர்கள் உத்தரிக்கும் தலத்தில் இருந்தார்கள் என்று இந்தப் பகுதி சொல்லவில்லை, வேண்டுதலைத்தான் காட்டுகிறது. அதேபோல 1 கொரிந்தியர் 3:15-இல் வரும் நெருப்பை நான் பெரிய ஆதாரமாக எடுப்பதில்லை. பவுல் அங்கே சபையைக் கட்டுகிற ஊழியர்களின் வேலையைப் பற்றிப் பேசுகிறார். உத்தரிக்கும் தலத்து நெருப்பு எப்படிப்பட்டது, எத்தனை காலம் என்று திருச்சபையும் வரையறுக்கவில்லை. நான் எப்படிச் சொல்ல முடியும்?

387-இல் இத்தாலியின் ஒஸ்தியாவில் இறக்கும் தறுவாயில் இருந்த, புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா, தன் உடலை எங்கே வேண்டுமானாலும் புதைக்கச் சொன்னார். ஆண்டவரின் பீடத்தில் தன்னை நினைக்க வேண்டும் என்பது மட்டுமே மகன் அகுஸ்தினாரிடம் அவர் கேட்டது. அதைப் படித்த அன்று வெகுநேரம் அழுதேன்.

அம்மா ஏற்கெனவே கர்த்தரிடம் இருக்கிறார் என்பான் என் அண்ணன். அப்படியே இருந்தாலும் வேண்டுதல் வீணாகாது என்று நம்புகிறேன். வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் பூசைக்கு அம்மா பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.